துண்டுக்கு அடியில்

சர்வர் இல்லை என்றார்கள்.
பத்திர ஆபீஸில் திரை
நாற்பத்தொன்றாம் டோக்கனிலேயே நின்றது.
இல்லாவிட்டால்
பெருமாயியம்மாவும் நானும் பேசியிருக்கவே மாட்டோம்.

பேசவிடாமல்தான் பார்த்துக்கொண்டார் பூமாலை,
நான்கு மாதம்.
இடம் காட்டிய அன்று அந்தம்மா ஊரில் இல்லையாம்.
அட்வான்ஸ் கொடுத்த அன்று காய்ச்சலாம்.
"அவங்க கொஞ்சம் ஒரு மாதிரி,
நீங்க எதுவும் கேட்டுக்காதீங்க" என்று என்னிடம்.
என்னைப் பற்றி அந்தம்மாவிடமும்
அட்சரம் மாறாமல் அதையேதான்.

ஒரே பெஞ்சு. ஒரே வேர்க்கடலைப் பொட்டலம்.
மாடிப்படியில் பூமாலை யாருடனோ போனில்.
"இருபத்தொண்ணுக்கு மேல நகரவே இல்லையே கண்ணு,
பார்ட்டி ரொம்பக் கெட்டின்னாரு" என்றார் பெருமாயியம்மா.
அந்தப் பார்ட்டி நான்.
நான் கொடுத்தது இருபத்துநாலரை.

கையிலிருந்த கடலைத் தோலை
ஊதிக்கொண்டே இருந்தேன்
கொஞ்ச நேரம்.

(பத்திரத்தில் பதினான்கு என்று இருந்தது.
அது எல்லோரும் கூடி உட்கார்ந்து
சொன்ன பொய் என்பதால்
யாருக்கும் வலிக்கவில்லை.)

பூமாலை முன்பு மாட்டுத் தரகு.
முத்துநாயக்கன்பட்டிச் சந்தையில்
துண்டைப் போர்த்தி அதற்கடியில்
விரல் பிடித்து விலை பேசியவர்.
சந்தையே சுற்றி நின்றாலும்
இரண்டு கைகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.
மாடு பாட்டுக்கு அசைபோட்டபடி நிற்கும்.

கேட்டேன். மறைக்கவில்லை.
"முன்னாடியே கேட்டிருந்தா
முன்னாடியே சொல்லியிருப்பேனே"
என்று தோள் துண்டால் முகம் துடைத்தார்.
மூன்றரை லட்சத்தை ஏழாக உடைத்தார்:
கன்னங்குறிச்சியில் இடம் விலைக்கு வருவதை
முதலில் மோப்பம் பிடித்த சைக்கிள் கடைக்காரர்,
அவர் வாய் விட்ட டீ மாஸ்டர்,
டீ மாஸ்டரின் மச்சான், இன்னும் யார் யாரோ.
சும்மா கூட வந்து
"இங்க இருந்தே ஏற்காட்டு மலை தெரியுது பாருங்க" என்று
கை நீட்டியவருக்குக்கூட முப்பதாயிரம்.
மலைக்கு எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன்.
"என் கையில நின்னது அறுபது.
அதுலயும் பெட்ரோல், நாலு மாசம்."

தனியாக நான் கொடுத்த இரண்டு பர்சென்ட்டையும்
முந்தானையில் பெருமாயியம்மா முடிந்து வைத்திருந்த
இரண்டு பர்சென்ட்டையும் பற்றி
மூவருமே பேசவில்லை.

கோபம் வந்தது. அறுபதாயிரத்துக்கு அல்ல.
வெயிலில் அலைந்த மனுஷனுக்கு
அதைவிடக் கூடவே கொடுக்கலாம்.
முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி
இது எனக்கு, இது இவனுக்கு என்று
இரண்டு பேர் கையிலும் கொடுத்திருந்தால் போதும்
என்று சொல்ல வந்தேன்.
பாதியில் நின்றுவிட்டது.

நான் வேலை பார்ப்பது அஸ்தம்பட்டியில் ஒரு லேபில்.
சர்க்கரைக்கு இவ்வளவு, தைராய்டுக்கு இவ்வளவு,
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.
மாதக் கடைசியில்
எந்த டாக்டர் எத்தனை பேரை அனுப்பினார் என்று
எக்செல்லில் கூட்டி
காக்கி கவரில் போட்டு ஒட்டுவது
நான்தான், எச்சில் தொட்டு.
ரத்தம் கொடுத்தவர்கள் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றா சொல்ல?

சர்வர் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு.
பெருமாயியம்மாவின் கட்டைவிரல் ரேகை பதியவில்லை.
துடைத்துத் துடைத்து மூன்று முறை அழுத்தினார்கள்.
துடைக்கத் துண்டு கொடுத்தவர் பூமாலை.

வெளியே வந்து ஆட்டோவும் அவரே பிடித்தார்.
டிரைவர் பக்கம் குனிந்து அவரே விலை பேசினார்.
எவ்வளவு என்று
எனக்குக் காதில் விழவில்லை.

இன்று முப்பதாம் தேதி.
மேஜையில் பதினோரு கவர்
வாய் திறந்து கிடக்கிறது.
மணி எட்டாகப் போகிறது.
நாக்கு வறண்டிருக்கிறது.